சோளக் கட்டைச் சீனியும் கறுவா எண்ணெயும்

இப்போது வெளிநாட்டில் படித்த பிள்ளைகள் இதைப் பெரிய பெரிய சொற்களில் எழுதுகிறார்களாம். மண்ணுக்கடியில் தோண்டி எடுக்கிற எண்ணெய் ஒரு நாள் முடிந்துபோகும், ஆகவே வெட்ட வெட்டத் துளிர்க்கிற செடியின் எண்ணெயைக் கொண்டே செடியின் சீனியைப் பிரயோசனமான வேறு சாமானாக மாற்றவேண்டும் என்று. மருமகன் ரெலிபோனில் வாசித்துக் காட்டினார். தம்பி, அதை நான் சண்டைக் காலத்தில் கொழும்புக் கொட்டாஞ்சேனையில் ஒரு மண்பானையில் செய்து பார்த்துவிட்டேன் என்றேன். அவர் "அப்படியா மாமா" என்றார். அந்த "அப்படியா"வை எனக்குத் தெரியும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவனிடம் படித்தவர்கள் சொல்கிற "அப்படியா" அது. ஆகவே எழுதி வைக்கிறேன்.

கொழும்பில் ஒரு ஆராய்ச்சிக்கூடத்தில் எனக்குக் குடுவை கழுவுகிற வேலை. இருபத்திரண்டு வருடம். பெருமைக்காகச் சொல்லவில்லை, பெருமைப்படக்கூடிய விசயம் என்றபடியால் சொல்கிறேன்: என் கையில் ஒரு குடுவை உடைந்ததில்லை. உடைந்தவை எல்லாம் பட்டம் பெற்றவர்களின் கையில் உடைந்தவை. சிங்களம் வேலைக்குப் போய்ப் பழகினேன். மருந்துகளின் பெயர்களைப் போத்தல்களின் முதுகைப் பார்த்துப் பழகினேன். எந்தப் போத்தலுக்குப் பக்கத்தில் எதை வைக்கக்கூடாது என்று புதிதாக வருகிற ஐயாமாருக்கு நான்தான் சொல்லிக்கொடுப்பேன்.

அங்கே இரசாயனம் படித்த ஒரு சிங்களப் பெண் இருந்தார். மிஸ் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். அவர் சோளக் கட்டையில் வேலை செய்தார். சோளப் பொத்தியில் மணியைக் கடித்துத் தின்ற பிறகு வீசுகிறோமே, அந்தக் கட்டை. அதற்குள் ஒரு சீனி இருக்கிறது. நாக்கில் வைத்தால் இனிக்காது, நாருக்குள் இறுகிப்போய்க் கிடக்கும். அமிலம் விட்ட தண்ணீரில் வேகவைத்தால் கட்டை அந்தச் சீனியை விடும். விட்ட சீனி மேலும் வேக, வாதுமைக் கொட்டையும் சுட்ட ரொட்டிப் பாணின் கரையும் சேர்ந்த மாதிரி மணக்கிற ஒரு தைலமாக மாறும். ஃபர்ஃபியூரல் என்று பெயர். வார்ப்பட்டறையில் அச்சு மண்ணை இறுக்குகிற பசை, பூச்சி மருந்து, மனிதருக்கு மருந்து என்று அதிலிருந்து பல சாமான் செய்யலாம் என்று மிஸ் சொன்னார். அது இந்த நாட்டுக்குக் கப்பலில் வந்துகொண்டிருந்தது. நாங்களோ கட்டையைக் குப்பையில் போட்டுக்கொண்டிருந்தோம்.

தொல்லை என்னவென்றால், பிறந்த தைலம் அந்த அமிலத்துக்குள்ளேயே நின்றால் தாராகிவிடும். பிறந்தவுடன் அதை இழுத்துத் தன்னிடம் வைத்துக்கொள்ள, தண்ணீரோடு சேராத ஒரு எண்ணெய் கூடவே இருக்கவேண்டும். மிஸ் அதற்குத் தொலுயீன் பாவித்தார். அது பெற்றோலியத்திலிருந்து வருகிற சாமான், பட்டென்று நெருப்புப் பிடிக்கிற சாமான். சண்டை முற்றியபோது அதை இறக்குவதற்கு அனுமதி கேட்டுக் கடிதம் போனது. பதில் வரவில்லை. தொலுயீன் இல்லாமல் செய்து பார்த்தார்கள். குடுவைகள் எல்லாம் என்னிடம் கறுப்பாக வந்தன.

தாரைப் பற்றி அதைக் கழுவுகிறவனை விட ஒருவருக்கும் தெரியாது. மண்ணெண்ணெய் அசைக்கவில்லை, சவர்க்காரம் அசைக்கவில்லை, சுரண்டினால் கண்ணாடி கீறும். பக்கத்து அறையில் கறுவா இலை எண்ணெயின் தரம் பார்ப்பார்கள். பார்த்து மிஞ்சியதில் ஒரு போத்தல் அங்கே நின்றது. கேட்டு வாங்கிக் குடுவைக்குள் ஊற்றினேன். தார் தோல் உரிகிற மாதிரிக் கழன்று வந்தது. அப்போதுதான் எனக்கு அந்த எண்ணம் வந்தது. பிறந்த தாரைக் கரைக்கிற எண்ணெய், தாராகப் போகிற சாமானை முதலே இழுத்து வைத்துக்கொள்ளாதா? கறுவாப் பட்டையை உரித்தபின் தோட்டத்தில் குவித்துவிடுகிற இலையிலிருந்து வடிக்கிற எண்ணெய் அது. கப்பலும் வேண்டாம், கடிதமும் வேண்டாம்.

பெரிய ஐயாவிடம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, குடுவை காய்ந்துவிட்டதா என்று கேட்டார். மிஸ் சிரிக்கவில்லை. யோசித்துப் பார்க்கலாம் என்றார். பிறகு அவருக்கு வேறு வேலை வந்துவிட்டது. நான் ஓய்வு பெறும்போது, ஆவியைக் குளிரவைத்துத் துளியாக்குகிற, வாய் உடைந்த ஒரு குளிர்குழாயும் இரண்டு பழைய குடுவைகளும் கொஞ்சம் அனிலீன் தாளும் கேட்டேன். அந்தத் தாளில் நம்முடைய தைலம் ஒரு துளி பட்டால் செவ்வரத்தம்பூ மாதிரிச் சிவக்கும். வேறு சாட்சி தேவையில்லை. கேட்டதைத் தந்து, தந்ததாக எழுத்தில் ஒரு துண்டும் கொடுத்து அனுப்பினார்கள்.

அந்த வருடத்தில்தான் வீடும் வெறுமையானது. மகள் கலியாணம் கட்டிக் கனடாவில் இருந்தாள். அவளுடைய முதல் பிரசவத்துக்கு ஆறு மாதம் என்று போன என் மனைவியை, இங்கே குண்டு வெடிக்க வெடிக்க மகள் திரும்ப விடவில்லை. பிறகு எனக்கும் ஸ்பொன்சர் பண்ணினாள். பங்குனி மாதம் பாஸ்போர்ட்டில் விசா ஒட்டி வந்தது. ஐப்பசி முடிவதற்குள் போய் இறங்கவேண்டும். தவறினால் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கவேண்டும். ஏழு மாதம் கையில் இருந்தது.

நான் உடனே போகவில்லை. மருமகன் வீட்டுச் சோபாவில் குந்தியிருந்து பனி கொட்டுவதைப் பார்க்கிற கிழவனாகப் போய் இறங்க எனக்கு விருப்பமில்லை. ஒன்றைச் செய்து முடித்தவனாகப் போய் இறங்கவேண்டும். ஏழு மாதம் எனக்குத் தாராளம் என்று நினைத்தேன்.

கொட்டாஞ்சேனை வீட்டின் பின்னால் ஆறடி முற்றம். அங்கே அடுப்பு மூட்டினேன். அமிலம் அலுமினியத்தைத் தின்னும், ஆகவே மண்பானை. பானை வாயில் ஒரு சட்டியை இருத்தி, இடுக்கில் கோதுமை மாவைப் பிசைந்து பூசி, சட்டிக்குள் பச்சைத் தண்ணீர் விட்டுக்கொண்டிருப்பேன். மேலே வருகிற ஆவி குளிர்ந்து திரும்பப் பானைக்குள்ளேயே விழும். சட்டித் தண்ணீர் சூடேறச் சூடேற மாற்றவேண்டும். ஒரு பானை வேக முழுப் பகலும் செல்லும். கடைக்குக்கூடப் போகமுடியாது. பானையை விட்டு எழும்பினால் அது எனக்குத் துரோகம் செய்துவிடும்.

முதல் நாலு பானை நாசம். கறுவா எண்ணெய் தண்ணீரை விடச் சற்றுப் பாரம், மேலே நிற்காமல் அடியில் போய்க் கட்டையோடு சேர்ந்து குழம்பியது. ஐந்தாம் பானைக்கு முதல்நாள், ஊறுகாய்க்கு உப்புத் தண்ணீர் கரைத்து முட்டையைப் போட்டுப் பார்ப்பார்களே, அது நினைவுக்கு வந்தது. உப்புக் கூடினால் முட்டை மிதக்கும். முட்டை மிதந்தால் எண்ணெயும் மிதக்கத்தானே வேண்டும். உப்பைக் கொட்டினேன். எண்ணெய் மெல்ல மெல்ல மேலே ஏறி வந்து பொன்நிறத்தில் படிந்தது. எந்தப் பல்கலைக்கழகமும் எனக்கு இதைச் சொல்லித் தரவில்லை.

கட்டைக்குக் காலிமுகத்திடலுக்குப் போனேன். பின்னேரம் கடற்காற்று வாங்க வருகிறவர்கள் அவித்த சோளம் தின்று கட்டையை வீசுவார்கள். நான் சாக்கோடு பின்னால் நடப்பேன். அந்த இடத்தில் அந்த நாட்களில் சாக்கோடு நடக்கிற தமிழன் எவ்வளவு தூரம் போவான்? காவல் நின்ற ஒரு ஆமிக்காரப் பொடியன் சாக்கைக் கவிழ்க்கச் சொன்னான். கடித்த கட்டைகள் தெருவெல்லாம் உருண்டன. எதற்கு என்று கேட்டான். சீனி எடுக்க என்றேன். "தாத்தா, சீனியை அவையள் திண்டிட்டினமே," என்ற அர்த்தத்தில் சிங்களத்தில் ஒன்று சொல்லிச் சிரித்தான். தின்றது ஒரு சீனி, தம்பி, விட்டது வேறு சீனி என்று நானும் சிங்களத்திலேயே சொன்னேன். அவன் குனிந்து இரண்டு கட்டையை எடுத்துச் சாக்கில் போட்டுத் தந்தான். அடுத்த முறை வேறொருவன் நின்றான். அவன் என்னை ஒரு மணித்தியாலம் வெயிலில் இருத்தி வைத்தான். அதற்குப் பிறகு சோளம் விற்கிற ஒரு மனுசியோடு பேசி, அவளே கட்டையைச் சேர்த்து பஸ் தரிப்பிடத்தில் தருவதாக ஒழுங்குசெய்தேன்.

கறுவா இலை எண்ணெய் கராம்பு மாதிரி மணக்கும். பல் டொக்டரின் அறை மணம். வீட்டு முன் ஒழுங்கை முழுவதும் அந்த மணம் நின்றது. ஒரு காலை கதவைத் தட்டுகிறார்கள். மூன்றாம் வீட்டுக் கத்தோலிக்க மனுசி, துறைமுகத்தில் வேலைசெய்கிற புருசனைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். அவர் கன்னம் வீங்கித் துவாயால் கட்டியிருக்கிறார்.

"அண்ணே, ஒங்க வீட்ல பல்லு டொக்டர் ஒருத்தர் ஒளிஞ்சிருக்காராமே. இவருக்கு ரெண்டு நாளா தூக்கமில்ல," என்றாள்.

டொக்டர் இல்லை, நான்தான் என்றேன். பஞ்சில் புதுக் கறுவா எண்ணெய் ஒரு துளி தொட்டுப் பல்லில் வைத்தேன். பானையில் போன எண்ணெயை ஒருநாளும் ஒருவருக்கும் தொட்டு வைத்ததில்லை, அந்த அறிவு எனக்கிருந்தது. கால் மணித்தியாலத்தில் அவர் துவாயை அவிழ்த்துவிட்டு, என் நாற்காலியிலிருந்து கப்பல்களைப் பற்றிக் கதைத்தார். நான் சட்டித் தண்ணீரை மாற்றிக்கொண்டே கேட்டேன். வீட்டுக்குள் இன்னொரு மனிதரின் குரல் கேட்டுக் கனகாலம் ஆகியிருந்தது. தேநீர் வைக்கலாமா என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே அவர் எழும்பிவிட்டார். அதற்குப் பிறகு கனபேர் வந்தார்கள். பல்லுக் கொதி நிற்கும்வரை இருப்பார்கள். நின்றவுடன் போய்விடுவார்கள். மருந்தில் பிழையில்லை என்பதற்கு அது அத்தாட்சி. ஆனாலும் சில வேளைகளில் பஞ்சில் எண்ணெயைக் குறைத்து வைத்திருக்கலாமோ என்று யோசித்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை அடுப்பு மூட்டுவதில்லை. காலமையே பஸ் ஏறி வெள்ளவத்தைக்குப் போவேன். காலி வீதியில் ரெலிபோன் கதைக்கிற கடை ஒன்று, கொமினிகேசன் என்போம். கொட்டாஞ்சேனையிலும் அப்படிக் கடைகள் இருந்தன. ஆனால் வெள்ளவத்தையில் அழைப்புக்குக் காத்து வாங்கிலில் குந்தியிருக்கிற சனம் முழுவதும் யாழ்ப்பாணத்துச் சனம். என் பேச்சைப் பேசுகிறவர்களின் பக்கத்தில் ஒரு மணித்தியாலம் இருக்கலாம். பத்து மணிக்குக் கனடாவிலிருந்து என் மனைவி எடுப்பாள். கடைக்காரர் கண்ணாடிக் கூண்டைக் காட்டி, "கொட்டாஞ்சேனை ஐயா, கனடா," என்பார். கூண்டுக்குக் கதவு இருந்தது, ஆனால் பூட்டினால் வேர்த்துக் கொட்டும். ஆகவே எல்லோரும் எல்லோருடைய கதையையும் கேட்போம்.

"ஐப்பசி முடியிறதுக்குள்ளை வந்து இறங்கவேணும். விளங்குதோ?" என்றாள் என் மனைவி.

"விளங்குது. சிவக்கட்டும், வந்திடுறன்."

"என்ன சிவக்கிறது?"

"தாள்."

அவள் சொன்னாள்: "இஞ்சை மகளுக்கு ரெண்டாவது பிறக்கப்போகுது. நீங்கள் அங்கை தாளுக்குச் சிவப்புப் பாத்துக்கொண்டு இருக்கிறியள்."

வாங்கிலில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் திரும்பிப் பார்த்துச் சிரித்தேன். சிரிக்காவிட்டால் தோற்றவனாகிவிடுவேன்.

வைகாசியில் தாள் சிவந்தது. மேலே படிந்த எண்ணெயை அகப்பையால் வழித்துக் குடுவையில் விட்டு, குளிர்குழாயைப் பூட்டிச் சூடாக்கினேன். முதலில் வந்தது வைக்கோல் நிறத்தில் நம்முடைய தைலம். கறுவா எண்ணெய்க்கு அவ்வளவு சூடு போதாது, அது குடுவையிலேயே நின்றது. அதே எண்ணெயைத் திரும்பப் பானையில் விடலாம். கொஞ்சம் குறையும், கொஞ்சம் கறுக்கும், ஆனால் வேலை செய்யும். பதினொரு தரம் அதே எண்ணெயை விட்டு எடுத்தேன். பதினொரு தரமும் தாள் சிவந்தது.

தைலத்தைக் கறுப்புத் தாள் சுற்றின போத்தலில் எடுத்துக்கொண்டு ஆராய்ச்சிக்கூடத்துக்குப் போனேன். மிஸ் அதை இயந்திரத்தில் வைத்துப் பார்த்தார். வெளியே வந்து, எனக்கு முன்னால் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். இருபத்திரண்டு வருடத்தில் அவர் கதிரையில் இருந்தாலும் நான் நிற்பேன், அவர் நின்றாலும் நான் நிற்பேன். அன்றைக்கு இரண்டு பேரும் இருந்தோம். நல்ல தைலம் என்றார். எத்தனை தரம் அதே எண்ணெய் என்று கேட்டார். சொன்னேன். எல்லாம் எழுதின கொப்பியைக் காட்டுங்கள் என்றார்.

என்னிடம் கொப்பி இல்லை. உப்பு இரண்டு சிறங்கை, கட்டை பானைக்கு முக்கால், நெருப்பு மிதம். எல்லாம் என் கையில் இருந்தது. மிஸ் போதாது என்று தலையை ஆட்டினார். கையை ஒருவரும் வாசிக்கமாட்டார்கள் என்றார். பன்னிரண்டு பானை, ஒவ்வொன்றுக்கும் நிறை, நேரம், எண்ணெய் எவ்வளவு போனது, எவ்வளவு திரும்பியது. எழுதிக் கொண்டுவந்தால் அறிக்கை எழுதலாம், அதில் என் பெயரும் வரும். பிழைத்ததையும் எழுதுங்கள், அன்றைக்கு நடந்த ஒன்றையும் விடாதீர்கள், சிறியது என்று நீங்கள் நினைப்பதும் ஒரு நாளைக்குத் தேவைப்படும் என்று இரண்டு தரம் சொன்னார்.

தராசில் நிறுத்து எழுதப் பத்து நாளுக்கு ஒரு பானை. ஆனி, ஆடி, ஆவணி. புரட்டாதியோடு முடியும். ஐப்பசியில் விமானம் ஏறலாம். என் கணிப்பில் பிழையில்லை. இன்றைக்கும் சொல்வேன், பிழையில்லை.

தராசு வாங்கினேன், கொப்பி வாங்கினேன். ஐந்தாம் வகுப்புக்குப் பிறகு நான் எழுதியது கையெழுத்து மட்டும்தான். முதல் வாரம் ஒரு பக்கம் எழுத ஒரு பின்னேரம் போனது. மூன்றாம் வாரம் கை பழகியது. ஒன்றையும் விடாதே என்று சொன்னதால் ஒன்றையும் விடவில்லை. தண்ணீர் மாற்றுகிற இடைவெளியில் சும்மா இருப்பதை விட எழுதுவது நன்றாக இருந்தது. இதை நான் ஒருவருக்கும் சொன்னதில்லை. பானையை விடக் கொப்பிக்காகவே சில நாட்கள் விடியக் காத்திருந்தேன்.

புரட்டாதி பிறந்து ஒன்பதாம் பானையும் முடிந்த மறுநாள், விடியற்காலையில் ஆமியும் பொலிஸும் ஒழுங்கையைச் சுற்றி வளைத்தார்கள். வீடு வீடாகச் சோதனை. எனக்குப் பயமில்லை. அடையாள அட்டை, வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று பொலிஸில் பதிந்த படிவம், எல்லாம் ஒரு தகரப் பெட்டிக்குள் இருந்தன. அந்தப் படிவத்தில் பத்துப் பேருக்கு இடம் உண்டு. என்னுடையதில் ஒரு பெயர். அதைப் பார்த்த அதிகாரி மிச்சப் பேர் எங்கே என்று கேட்டார். முற்றத்துக்குப் போனார். பானை, அமிலப் போத்தல், எண்ணெய்த் தகரம். பல்லுக்கு மருந்து செய்கிறவர் என்று மூன்றாம் வீட்டு மனுசி ஒழுங்கையில் நின்று எனக்காகச் சொன்னாள். அதோடு போயிருக்கும். ஆனால் கொப்பி அடுப்புக்குப் பக்கத்தில் கிடந்தது. தமிழில், பக்கம் பக்கமாக, நாளும் நேரமும் நிறையும். சண்டைக் காலத்தில் கொழும்பில் அப்படி ஒரு கொப்பியை வீட்டில் வைத்திருக்கிற தமிழன் நான் ஒருவனாகத்தான் இருந்திருப்பேன். கொப்பியையும் தகரப் பெட்டியையும் என்னையும் கொண்டுபோனார்கள். பாஸ்போர்ட் பெட்டிக்குள் இருந்தது.

இரண்டாம் நாள் பொலிஸ் நிலையத்துக்கு மிஸ் வந்தார். நான் சொல்லியனுப்பியிருந்தேன், வருவார் என்று நம்பவில்லை. இவர் எங்கள் ஆள், சோளக் கட்டையில் ஆராய்ச்சி செய்கிறார், நான்தான் எழுதச் சொன்னேன் என்று இன்ஸ்பெக்டரிடம் சொன்னார். அப்படியென்றால் என்ன எழுதியிருக்கிறது என்று நீங்கள் சொல்லுங்கள் என்றார் இன்ஸ்பெக்டர். மிஸ்ஸுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. ஆகவே நான் உரத்து வாசிக்கவேண்டும், அங்கே கடமையில் இருந்த ஒரு முஸ்லிம் கொன்ஸ்டபிள் அதைச் சிங்களத்தில் சொல்லவேண்டும் என்று முடிவாயிற்று.

அந்தக் கொன்ஸ்டபிள் என் பக்கத்தில் வந்து கொப்பியை எட்டிப் பார்த்தபடி நின்றார். "ஐயா, மெதுவா வாசிங்க. ஒண்டும் விடாதீங்க. விட்டா எனக்கு வெளங்கும்," என்றார்.

முதல் பக்கம் சுகமாகப் போனது. "ஆனி பத்து. கட்டை நாலு றாத்தல். உப்பு ஒண்டரை. எண்ணெய் ரெண்டு போத்தல், திரும்பினது ஒண்டே முக்கால். மழை." அடுத்த வரியில் என் கண் போய் நின்றது. கொன்ஸ்டபிள் விரலை அந்த வரியில் வைத்தார்.

"ஒருத்தரும் வரேல்லை," என்று வாசித்தேன்.

அவர் சிங்களத்தில் சொன்னார். இன்ஸ்பெக்டர் யார் வரவில்லை, யாரை எதிர்பார்த்தீர் என்று கேட்டார். ஒருவரையும் எதிர்பார்க்கவில்லை என்றேன். தொடரச் சொன்னார்.

வாசித்தேன். "வியாழன். தாள் நல்ல சிவப்பு. காட்ட ஆளில்லை. மதிலிலை இருந்த பூனைக்குக் காட்டினன்." "ரெண்டு பேருக்குச் சோறு போட்டிட்டன். மறந்துபோய். மற்றதைக் காகத்துக்கு வைச்சன்." "எண்ணெய் மங்கல். ஒண்டே கால் திரும்பினது. இண்டைக்கு வாய் திறந்து சொன்னது மூண்டு சொல்லு. பாண், பருப்பு, ஓம்." "அவள் ரெலிபோன் எடுக்கேல்லை. லைன் பழுதாம். கடையிலை பன்னிரண்டு மணிமட்டும் இருந்தன். சும்மா மற்றவையின்ரை கதை கேட்டன்." "ஏழாம் பானை. பல்லுக் கொதி எண்டு வந்த பொம்பிளைக்கு என்ரை அவளின்ரை சாயல். சுகம் எண்டு எழும்பிப் போட்டா."

நான் வாசிக்க வாசிக்கக் கொன்ஸ்டபிள் சிங்களத்தில் சொல்லிக்கொண்டே வந்தார். குரலை ஏற்றாமல், இறக்காமல், நான் சொன்ன மாதிரியே சொன்னார். நல்ல மனிதர். பக்கத்து மேசையில் தட்டச்சுச் செய்துகொண்டிருந்தவர் நிறுத்திவிட்டார். மிஸ் என்னைப் பார்க்கவில்லை, சுவரில் தொங்கின கலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். இருபத்திரண்டு வருடம் ஒரே கூரைக்குக் கீழே வேலை செய்தோம். அவருக்கு என் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று தெரியாது. நானும் சொன்னதில்லை. என் வாயிலிருந்து அவர் கேட்டதெல்லாம் என் கெட்டித்தனங்கள்தான்.

ஒன்பதாம் பானை முடிந்தது. இன்ஸ்பெக்டர் கொப்பியை வாங்கி மூடினார். அவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி. அந்தப் பூனை யாருடையது?

யாருடையதும் இல்லை என்றேன்.

என்னை வீட்டுக்குப் போகச் சொன்னார். ஆனால் கோப்பு திறந்துவிட்டார்கள். அது மேலே போய்த் திரும்ப வரும்வரை கொப்பியும் பாஸ்போர்ட்டும் அங்கேதான் இருக்கவேண்டும், நான் கொழும்பை விட்டுப் போகக்கூடாது. விசா ஐப்பசியோடு முடிகிறது என்று மிஸ் எனக்காகக் கதைத்தார். இன்ஸ்பெக்டர் கைகளை விரித்தார். பொய் சொல்லக்கூடாது, அந்த மனிதர் என்னை ஒரு தரமும் அதட்டவில்லை. சட்டம் அவருடைய கையில் இருக்கவில்லை.

வாசலில் மிஸ் என்னை வீட்டில் இறக்கிவிடவா என்று கேட்டார். வேண்டாம், எனக்கு வழி தெரியும் என்றேன். மிச்சம் மூன்று பானையைச் செய்து தரட்டுமா என்று கேட்டேன். கொப்பி இல்லாமல் ஒன்பதும் இல்லை, மூன்றும் இல்லை என்றார். பிறகு, முதலிலிருந்து தொடங்கலாம், அவசரமில்லை என்று சொல்லிவிட்டு, நான் வீதியைக் கடக்கும்வரை அங்கேயே நின்றார்.

ஐப்பசி போனது. ஞாயிறுக்கு ஞாயிறு அவளுக்கு ஒவ்வொரு சாட்டுச் சொன்னேன். ரிக்கற் கிடைக்கவில்லை, காய்ச்சல், எயர்போட் வழி மூடியிருக்கிறது. கார்த்திகை முதல் ஞாயிற்றுக்கிழமை பாஸ்போர்ட் திரும்பக் கையில் இருந்தது, விசா செத்திருந்தது. கொப்பி வரவில்லை. அது எங்கே போனதென்று அங்கே ஒருவருக்கும் தெரியவில்லை. அன்றைக்கு வெள்ளவத்தைக்குப் போய், கூண்டுக்குள் ஏறிக் கதவைப் பூட்டிக்கொண்டு, எல்லாவற்றையும் சொன்னேன். பானை, பொலிஸ், கோப்பு. வாசித்ததை மட்டும் சொல்லவில்லை. கண்ணாடியில் என் மூச்சுப் படிந்தது.

அவள் அழவில்லை, ஏசவுமில்லை. "இனி எப்ப?" என்றாள்.

"விசாவுக்குத் திருப்பி எழுதிப் போடவேணும். ரெண்டு வருசம் செல்லுமாம்."

அந்தப் பக்கத்தில் ஒரு குழந்தை அழுதது. யாரோ தூக்கிக்கொண்டு போனார்கள். சத்தம் தூரமாகிப் போனது. இரண்டாவது பேரப்பிள்ளை. நான் இன்னும் பார்க்கவில்லை.

"பொலிசு தூக்கிக்கொண்டு போறதுக்கு அப்பிடி என்னத்தைக் கொப்பியிலை எழுதினனீங்கள்?"

"கட்டை எத்தினை றாத்தல், உப்பு எவ்வளவு, எண்ணெய் எவ்வளவு திரும்பி வந்தது எண்டு."

"வேறை?"

எனக்கு அந்தக் கொப்பியில் கணக்கைத் தவிர மற்றதெல்லாம் மனப்பாடம். எந்தப் பக்கத்தையும் அப்படியே சொல்லியிருக்கலாம். ஒரு இன்ஸ்பெக்டருக்கும் ஒரு கொன்ஸ்டபிளுக்கும் மிஸ்ஸுக்கும் தட்டச்சுக்காரருக்கும் வாசித்துக் காட்டியவன் நான்.

"வேறை ஒண்டுமில்லை," என்றேன்.

அவள் வைத்துவிட்டாள் என்று நினைத்தேன். வைக்கவில்லை.

"எழுதியிருக்கலாமே," என்றாள்.